இரண்டாவது மார்க் பட்டியல்

1997-ல் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இரண்டே இரண்டுதான். 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வேப்பேரியில் இருந்தது. நாமக்கல் கல்லூரி 1985-ல் வந்தது. 1997-ல் பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டிப் போட்ட ரேங்க் பட்டியலில் என் பெயர், சீட் முடிகிற எல்லைக்கு வெகு கீழே இருந்தது. உயிரியல் கை கொடுத்தது, இயற்பியல் கை விட்டுவிட்டது. அப்பா பட்டியலைப் பார்த்துவிட்டு, "பரவால்ல அம்மிணி, மாட்டைப் பாக்கறதுக்கு டாக்டராத்தான் இருக்கோணுமா?" என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னது அது. எனக்குத் தேறவில்லை.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொறங்காடு உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அதில் மேய்ந்த காங்கேயம் பசுக்களோடு வளர்ந்தவள் நான். பத்தாவது படிக்கும்போது ஒரு கிடாரி கன்று போட முடியாமல் ராத்திரி முழுக்கத் தவித்தது. விடிந்ததும் டாக்டர் வந்தார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார், சோப்புத் தண்ணீரில் தோள்வரை கையைக் கழுவினார். உள்ளே கன்றின் தலை பின்பக்கமாக மடிந்திருந்தது. அதைப் பதமாகத் திருப்பி நேராக்கி, முன்னங்கால்களில் கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னார். அவசரப்பட்டு இழுத்த சித்தப்பாவை அதட்டினார். கன்று பிழைத்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையாலேயே பார்த்து ஒரு உயிரை வெளியே கொண்டுவர முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அதன் பிறகு வேறு எந்த வேலையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சீட் கிடைக்காததும் கோவையில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். வேதியியல் அலைடு பேப்பரில் அரியர் விழுந்து, பிறகு எழுதி முடித்து, இரண்டாம் வகுப்பில் தேறினேன். 2003-ல் கல்யாணம். 2004-ல் கணவரின் வேலையோடு டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்கு வந்தோம்.

வந்த புதிதில் ஊருக்கு மேற்கே காரில் போனபோது, வேலிக்குள் திமில் வைத்த மாடுகள் மேய்வதைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். பிராமன் என்ற இனம். ஆந்திரத்து ஓங்கோல், குஜராத்தின் கிர், காங்கிரெஜ் முதலிய நம் நாட்டு மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவாக்கியது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதற்காக டெக்சஸ்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். 1924-லேயே அதற்கு வளர்ப்போர் சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்த மாடுகளைப் பார்த்த பிறகு, இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்ற எண்ணம் குறைந்தது.

அப்போது எனக்கு ஹெச்-4 விசா. அதில் வேலைக்குப் போகக் கூடாது, படிக்கலாம். 2006-ல் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் ஏ, வேதியியலில் சி, கணக்கில் டி. 2007-ல் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று போன் வந்தது. செமஸ்டர் நடுவில் கிளம்பினேன். வகுப்பிலிருந்து முறைப்படி விலகாமல் போனால் பெயர் பதிவேட்டிலேயே இருக்கும், எழுதாத பரீட்சைக்கெல்லாம் எஃப் விழும். எடுத்திருந்த பாடங்கள் அத்தனைக்கும் எஃப் விழுந்தது. அம்மா ஆவணியில் போய்ச் சேர்ந்தார். நான் திரும்பி வந்து இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தேன். படிப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. காற்றை விட மழைதான் ஹூஸ்டனை முடக்கியது. பார்க்கர், ஆடிக்ஸ் நீர்த்தேக்கங்கள் நிரம்பி, மேற்குப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் வீடு தப்பியது. ஒரு கண்காட்சித் திடலில் மாடு, குதிரை, ஆடு, நாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கிறார்கள், கை வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். நாட்கணக்கில் தண்ணீரில் நின்ற மாடுகள். கால் தோல் ஊறி உரிந்திருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா என்னிடம் ஒரு மாட்டைப் பிடிக்கச் சொன்னார். மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டை எப்படி நெருங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பக்கவாட்டில் போய், கழுத்தைத் தடவி, பேசிக்கொண்டே நின்றேன். தமிழில்தான் பேசினேன். அவர் கால்களைக் கழுவி மருந்து போட்டு முடித்துவிட்டு, "நீ எங்கே வேலை செய்கிறாய்?" என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். "என் கிளினிக்குக்கு வா" என்றார். கிரீன் கார்டு அதற்கு முன்பே வந்துவிட்டதால் தடை எதுவும் இல்லை. கூண்டு கழுவும் வேலையில் சேர்ந்தேன்.

அவர் பசு, குதிரை பார்க்கும் டாக்டர். என் வயதுக்காரி. சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நீ ஏன் கால்நடைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டார். மார்க்கைச் சொன்னேன், வயதைச் சொன்னேன். 37. "வயதைப் பற்றி அவர்கள் கேட்க மாட்டார்கள். மார்க்கைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?" என்றார். வயது விஷயத்தில் அவர் சொன்னது சட்டப்படியும் சரி. மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிறுவனங்கள் வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் வந்துவிட்டது.

மார்க்குக்குப் பதில் தேடிப் போனபோது நான் கற்றுக்கொண்டது நிறைய. இந்த நிலையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் பள்ளி முடித்ததும் சேரும் படிப்பு அல்ல. முதலில் கல்லூரியில் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, இயற்பியல், மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் முதலிய பாடங்களை முடிக்க வேண்டும். அதன் பிறகு நான்கு வருடப் படிப்பு. பெரும்பாலான கால்நடைக் கல்லூரிகள் இளங்கலைப் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, இந்தப் பாடங்களைக் கேட்கின்றன. என் கோவைப் பட்டம் இந்தக் கணக்கில் எனக்கு உதவவில்லை. வெளிநாட்டில் படித்த பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை, எல்லாவற்றையும் இங்கே மறுபடி படிக்க வேண்டும். முதலில் அது அநியாயமாகப் பட்டது. யோசித்தபோது அதில் எனக்கு ஒரு நன்மையும் இருந்தது. அந்த இரண்டாம் வகுப்பும் அரியரும் இங்கே ஜிபிஏ என்கிற மார்க் சராசரிக் கணக்கில் ஏறவில்லை.

ஏறியவை 2006, 2007-ன் சி, டி, எஃப். கம்யூனிட்டி காலேஜ் ஆலோசகர் ஒரு அம்மா. தலைநரைத்தவர், அவசரப்படாதவர். பட்டியலைப் பார்த்துவிட்டு டெக்சஸ் மாநிலத்துச் சட்டம் ஒன்றைச் சொன்னார். அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்று பெயர். மாநிலத்தில் குடியிருப்பவர், பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரிப் பாடங்களை விலக்கிவிடும்படி சேரும்போதே கேட்கலாம். மாநில அரசுக் கல்லூரிகள் அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரே நிபந்தனை, விலக்கினால் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். எஃப்-ஐத் தள்ளிவிட்டு ஏ-ஐ மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. 2018-ல் நான் கையெழுத்துப் போட்டேன். ஆங்கிலத்தில் வாங்கிய ஏ-யும் போயிற்று. அதை மறுபடி படித்தேன்.

மாநில எல்லையைத் தாண்டினால் இந்தச் சட்டம் செல்லாது. மற்ற மாநிலக் கல்லூரிகளுக்கு அப்போது நான் போட வேண்டியிருந்த பொது விண்ணப்பமான வி.எம்.கேஸ் எந்த மன்னிப்பையும் ஏற்பதில்லை. பழைய பாடம், புதிய பாடம், திரும்பப் படித்த பாடம் என்று எல்லாவற்றையும் கூட்டித்தான் சராசரி போடும். ஆகவே எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு சராசரி இருந்தது. டெக்சஸுக்குள் நல்ல மாணவி, வெளியே சுமாருக்கும் கீழே. ஆனாலும் பல கல்லூரிகள் மொத்தச் சராசரியோடு கடைசி 45 கிரெடிட்டுகளின் சராசரியைத் தனியாகப் பார்க்கின்றன. பழைய மார்க் மோசமாக இருக்கிறவர்களுக்கு இது பெரிய வாசல். முதலில் தடுமாறி, பிறகு நிதானித்தவரை அந்த எண் எடுத்துக்காட்டும். எந்தக் கல்லூரி எதற்கு எடை கொடுக்கிறது என்று ஒவ்வொன்றின் இணையதளத்திலும் தேடிப் படித்துக் குறித்துவைத்தேன். பெயருக்கும் புகழுக்கும் மயங்கி விண்ணப்பிப்பதை விட இது நூறு மடங்கு பயன்படும்.

படித்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலில் கிளினிக், சாயங்காலம் ஒரு வகுப்பு, ராத்திரி பெண்கள் தூங்கிய பிறகு புத்தகம். 17 வயதில் என்னைக் கீழே இழுத்த இயற்பியல் 39 வயதில் புரிந்தது. கணவர் சமையலை எடுத்துக்கொண்டார். அப்பா போனில், "இந்த வயசுல பரிச்சை எழுதறியா சாமி?" என்றார். "ஆமாங்ப்பா" என்றேன். "கண்ணக் கெடுத்துக்காத" என்றார்.

2020-ல் முதல் முறை விண்ணப்பித்தேன். கொரோனா காலம். அந்த வருடம் நாடு முழுக்க விண்ணப்பங்கள் பெருகின. எனக்கு எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்தது. நேர்காணலுக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. ஏ, பி-யாக நிறைந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஏன் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மாதான் சொன்னார், காரணத்தைக் கேட்கலாம் என்று. இடம் கிடைக்காதவர்கள் கேட்டால், விண்ணப்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு எங்கே குறைந்தது என்று சொல்லும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. ஃபைல் ரிவ்யூ என்பார்கள். ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் ஒருவர் என்னோடு அரைமணி நேரம் பேசினார். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, பழைய எஃப்-ஐப் பற்றி அவர் பேசவே இல்லை. "நீங்கள் செமஸ்டருக்கு ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு எடுத்திருக்கிறீர்கள். எங்கள் மாணவர்கள் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பாடம் சுமக்க வேண்டும். உங்களால் அது முடியுமா முடியாதா என்று இந்தப் பட்டியல் எங்களுக்குச் சொல்லவில்லை" என்றார். வேலையும் குழந்தைகளும் இருக்கிறவர் ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்பது நியாயம். அவர் கேட்டதும் நியாயம். இரண்டு நியாயமும் மோதினால் விண்ணப்பிக்கிறவர்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அவர் சொன்ன இன்னொன்று: பழைய மார்க்குக்கு விளக்கம் எழுதும் பகுதியைச் சுருக்குங்கள். நான் அம்மாவின் நோயை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "நடந்தது என்ன, இப்போது என்ன மாறியிருக்கிறது, இரண்டையும் நாலு வரியில் சொன்னால் போதும்" என்றார். அம்மாவை நாலு வரியில் எழுதுவது லேசாக இல்லை. எழுதினேன்.

கிளினிக்கில் வார இறுதி வேலை மட்டும் வைத்துக்கொண்டு, 2021-ல் பயோகெமிஸ்ட்ரி, மரபியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் எடுத்தேன். வீட்டுச் சேமிப்பு கரைந்தது. வருடம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. நான்கிலும் ஏ வந்தது.

சனி, ஞாயிறுகளில் டாக்டரம்மாவோடு பண்ணைகளுக்குப் போனேன். இலையுதிர் காலத்தில் மாடுகளுக்குச் சினை பார்க்கும் வேலை இருக்கும். இரும்புச் சட்டத்துக்குள் ஒவ்வொரு மாடாக வந்து நிற்கும். அவர் நீளக் கையுறை போட்டு மலக்குடல் வழியாகக் கருப்பையைத் தடவி, எத்தனை மாதம் என்று சத்தமாகச் சொல்வார். நான் எழுத வேண்டும். சினையில்லாத மாடு விற்பனைக்குப் போகும். ஒரு மாட்டின் தலைவிதி ஒரு வார்த்தையில் முடிவாகிற இடம் அது. நான் அழுவேன் என்று பண்ணைக்காரர் ஒருவர் நினைத்தாராம். காங்கேயம் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது புதிதல்ல. எங்கள் வீட்டிலும் வறட்சி வருடத்தில் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து அன்றைக்குச் சாப்பிட மாட்டார். ஆனால் மறுவாரம் தீவனம் வாங்கிய காசு அந்த மாட்டினுடையது.

விண்ணப்பத்தில் எழுதுவதற்கு அதுவரை நான் என்னவோ பெரிய சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை அப்பாவையும் சந்தையையும் எழுதினேன். விலங்குகளின் மேல் அன்பு என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள், எல்லாரும் உண்மையாகவே எழுதுவார்கள். மாட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தின் கஷ்டமும் மாட்டின் கஷ்டமும் ஒன்றுக்கொன்று இடிக்கும்போது டாக்டர் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நடுவை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன் என்பதுதான் என் விண்ணப்பத்தில் இருந்த புதிய விஷயம். வயது எனக்குக் கொடுத்ததும் அதுதான்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பண்ணை விலங்கு பார்க்க டாக்டர்கள் போதவில்லை. பெரும்பாலோர் நாய், பூனை மருத்துவத்துக்குப் போய்விடுகிறார்கள். தட்டுப்பாடு உள்ள இடங்களில் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் படிப்புக் கடனின் ஒரு பகுதியை மத்திய வேளாண்துறை அடைக்கும் திட்டமே இருக்கிறது. 2021-ல் டெக்சஸின் இரண்டாவது கால்நடைக் கல்லூரியை டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் அமரில்லோவில் திறந்ததும் கிராமத்துக்குப் போகிற டாக்டர்களை உருவாக்கத்தான். 1916-லிருந்து இருக்கிற டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி ஒன்றே அதுவரை மாநிலம் முழுமைக்கும். பண்ணைக்குப் போகத் தயாராக இருக்கிற ஒரு நடுவயதுப் பெண்ணை, பழைய மார்க்கைக் காட்டி வெளியே நிறுத்திவைப்பதில் யாருக்கும் லாபமில்லை. இதை நான் என் சொந்தக் காரியத்துக்காகச் சொல்லவில்லை. என்னைப் போல கிளினிக்குகளில் பத்து, பதினைந்து வருடம் உதவியாளராக இருந்துகொண்டு, மார்க்கை நினைத்து விண்ணப்பிக்காமலே இருக்கும் கெட்டிக்காரப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

இந்த முறை நேர்காணல் வந்தது. சிறு சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலை, சில நிமிடங்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்குவதால் கேள்விகளைச் சொல்ல மாட்டேன். தயாராகும்போது டாக்டரம்மா என்னிடம் கேட்ட ஒன்றைச் சொல்லலாம். காப்பாற்றக்கூடிய நாய், அறுவைச் சிகிச்சைக்குக் காசில்லாத மனிதர், ஊசி போட்டு முடித்துவிடச் சொல்கிறார். நீ என்ன செய்வாய்? நான் முதலில் அவரை உட்காரச் சொல்வேன் என்றேன். என்ன செலவாகும், குறைந்த செலவில் எது முடியும், எது முடியாது என்று ஒளிக்காமல் சொல்வேன். கடைசியில் அவர் ஊசிதான் என்றால், அவரைக் கொலைகாரரைப் போலப் பார்க்காமல் கூடவே நிற்பேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை 22 வயதில் நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

2022 தொடக்கத்தில் இடம் கிடைத்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். "எந்த ஊருல?" என்று கேட்டார். சொன்னேன். "அங்க மாடு இருக்குதா?" என்றார். திமில் வைத்த மாடே இருக்கிறது என்றேன். சந்தோஷப்பட்டார்.

கடன் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சொந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணமே பெரிய தொகை. வெளிமாநிலத்தவருக்கு அது மேலும் கூடும். செயின்ட் கிட்ஸ், கிரெனடா தீவுகளில் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் இருக்கின்றன. மார்க் குறைந்தவர்களும் அங்கே முயன்று பார்க்கலாம், நல்ல டாக்டர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் செலவு அதிகம். 25 வயதுக்காரருக்கு அந்தக் கடனை அடைக்க நாற்பது வருடம் இருக்கிறது, எனக்கு இருபதுதான். நானும் கணவரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டெக்சஸுக்குள் இடம் கிடைத்தால் மட்டும் போவது என்று முடிவு செய்திருந்தோம். கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் கல்விக் கடன் கிடைத்தது. விசாவில் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

என்னோடு படிக்கிறவர்களில் பலர் என் மூத்த பெண்ணை விட ஐந்தாறு வயதுதான் பெரியவர்கள். உடற்கூறியல் பெயர்களை அவர்கள் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்கிறார்கள், எனக்கு மூன்று ராத்திரி ஆகிறது. மாட்டைப் பிடிக்க வேண்டிய இடத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். 2026-ல் முடிக்கும்போது எனக்கு 46 வயது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் மார்க் பட்டியலைப் பீரோவுக்குள் பூட்டிவைத்துவிட்டு, அந்த ஆசையை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவர்கள் இருக்கலாம். நீங்கள் இருக்கிற மாநிலத்தின் கால்நடைக் கல்லூரிக்கு எழுதுங்கள். கடைசி 45 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கிறார்களா, பழைய பாடங்களை என்ன செய்கிறார்கள், வெளிநாட்டுப் பாடம் எதையாவது ஏற்கிறார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு முறை மறுத்தால், எதனால் என்றும் கேளுங்கள். எனக்குச் சொன்னார்கள்.